ஆயில் எங்க மாத்தறதுன்னு கேட்டவருக்கு

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஸ்ப்ளெண்டரை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டு அடில ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினை தள்ளிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது மாடில இருக்கறவர் பால் வாங்கிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார். அவர் இப்பதான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருக்கார். "சார், என் வண்டிக்கு ஆயில் மாத்தணும், ஷோரூம்ல கேட்டா 7,000 கிட்ட ஆகும்ங்கறாங்க, மெயின் ரோட்டுல அரை மணி நேரத்துல மாத்தித் தரோம்னு போர்டு வச்சிருக்காங்களே அங்க கேட்டா 2,500, நீங்க என்னடான்னா வீட்லயே பண்றீங்க, நான் எங்க சார் போறது?"ன்னு கேட்டார். கை பூரா ஆயிலா இருந்துச்சு, ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. ஏன்னா இந்த மூணு இடத்துலயும் நான் காசு குடுத்திருக்கேன், மூணுலயும் அடி வாங்கியிருக்கேன், மூணுலயும் நல்லதும் பார்த்திருக்கேன். அதனால நிதானமா எழுதிடறேன்.

முதல்ல பைக்லேர்ந்து ஆரம்பிக்கறேன், அதுதான் என்னைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம். வண்டியை ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணணும், ரொம்ப சூடா இருந்தா கை வெந்துடும், ஜில்லுன்னு இருந்தா ஆயில் கெட்டியா நின்னு முழுசா வடியாது. என்ஜினுக்கு அடில ஒரே ஒரு போல்ட், 17 நம்பர் ஸ்பேனர். முதல் கால் சுத்துக்குத்தான் பலம் வேணும், 'டக்'குன்னு ஒரு சின்ன சத்தம் வரும், அதுக்கப்புறம் விரலாலயே கழட்டலாம். கடைசி மரை விடறப்ப போல்ட்டை மேல அழுத்திக்கிட்டே சுத்தி சட்டுன்னு பக்கவாட்டுல இழுக்கணும், இல்லன்னா போல்ட்டும் வாஷரும் ஆயிலோட சேர்ந்து பேசினுக்குள்ள விழுந்துடும், மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு வழியும். முதல்ல தடிமனா விழற ஆயில் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு நூல் மாதிரி ஆகி அப்புறம் சொட்டு சொட்டா நிக்கும். அந்த ஆயில்ல ரெண்டு சொட்டை விரல்ல எடுத்து வெயில்ல காட்டிப் பார்ப்பேன். கறுப்பா இருந்தா பயப்பட வேண்டியதில்ல, உள்ள இருக்கற அழுக்கையும் கரியையும் தன்னோட சேர்த்து தூக்கிக்கிட்டு வர்றதுதான் அதோட வேலையே. மினுமினுன்னு பொடிப்பொடியா உலோகம் தெரிஞ்சா யோசிக்கணும். பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம்.

அந்த டீ கலரை நான் நேர்ல பார்த்தது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் முடிஞ்ச வாரம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வண்டி எல்லாம் முங்கிக் கிடந்துச்சே, அப்ப எங்க ஏரியா மெக்கானிக் பாய் கடை வாசல்ல வரிசையா பைக் நின்னுச்சு. ஒவ்வொண்ணா போல்ட்டை கழட்டறார், ஒவ்வொண்ணுலேர்ந்தும் பால் டீ மாதிரியே வருது. விலை கம்மியான ஆயிலை ஊத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டு அதையும் வடிச்சிட்டு அப்புறம்தான் நல்ல ஆயில் ஊத்தினார். "தம்பி, ஆயில்தான் என்ஜினோட ரத்தம், ரத்தம் எப்படி இருக்குன்னு பார்க்காம மாத்தி என்ன புண்ணியம்?"னு அன்னைக்கு அவர் சொன்னதைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். எங்க மாத்தறோம்ங்கறது அப்புறம். வெளில வர்றதை நீங்க பார்த்தீங்களா, உள்ள போறதை நீங்க பார்த்தீங்களா, அதுதான் என் கேள்வி.

இப்ப ஷோரூம் சர்வீஸ் சென்டர். என் கார் புதுசா இருந்தப்ப முழுக்க முழுக்க அங்கதான் போனேன், வாரண்டி இருக்கற வரைக்கும் எல்லாரும் அங்கதான் போகணும்னு இப்பவும் சொல்வேன். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு, வெளி மெக்கானிக் கிட்ட போனாலே வாரண்டி போச்சுன்னு ஒட்டுமொத்தமா நிபந்தனை வைக்கக்கூடாதுன்னும் அந்த உத்தரவுல சொல்லியிருந்தாங்க. அப்பீல் அது இதுன்னு கேஸ் போனது வேற விஷயம். ஆனா நாளைக்கு என்ஜின்ல ஒரு பிரச்சினைன்னு போய் நின்னா, "எங்க சார் சர்வீஸ் பண்ணீங்க, எந்த ஆயில் போட்டீங்க, பில் இருக்கா"ன்னு கேப்பாங்க, அந்த வாக்குவாதத்துக்கு நம்மகிட்ட நேரமும் தெம்பும் இருக்கணும். சர்வீஸ் ஹிஸ்டரி ஒரே இடத்துல இருந்தா அந்தத் தலைவலி இல்ல, விக்கறப்பவும் நல்ல விலை வரும். இன்சூரன்ஸ் கிளெய்ம்னாலும் கேஷ்லெஸ்ல அவங்களே பார்த்துப்பாங்க. வெள்ளத்துல முங்கின காரை ஸ்டார்ட் பண்ணாம அப்படியே டோ பண்ணி அங்க கொண்டு போனவங்க பல பேர் என்ஜினைக் காப்பாத்தினாங்க.

ஆனா அங்க என்ன நடக்கும்னா, நீங்க ஏசி ரூம்ல காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, வண்டி உள்ள போயிடும், மூணு மணி நேரம் கழிச்சு கழுவித் துடைச்சு பளபளன்னு வரும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு பில்தான் சொல்லும். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டு போடறப்பவே என்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், என்ஜின் கோட்டிங்னு ஒண்ணொண்ணா சேர்ப்பார். பாவம் அவருக்கு மேல இருந்து டார்கெட். வேண்டாம்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நான் சொல்லியிருக்கேன். மேனுவல்ல இந்த கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கோ அது மட்டும் போதும்னு ஜாப் கார்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

எனக்கு நடந்தது ஒண்ணு. ஒரு தடவை சர்வீஸ் முடிஞ்சு வந்த மறுநாள் காலைல வழக்கம் போல ஆயில் அளவு பார்க்கற கம்பி, அதான் டிப்ஸ்டிக், அதை எடுத்துத் துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்தேன், ஆயில் மேல் கோட்டுக்கும் மேல ஒரு விரல் கடை நிக்குது. என் காருக்கு மேனுவல்ல ஃபில்டரோட சேர்த்து 3.1 லிட்டர். பில்லை எடுத்துப் பார்த்தா 3.5 லிட்டர். டப்பா சைஸ் அதுதானே, முழுசா கவுத்து விட்டிருக்காங்க. ஆயில் அதிகமா இருந்தா நல்லதுதானேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. என்ஜினுக்குள்ள இருக்கற கிராங்க் ஷாஃப்ட்ங்கற தண்டு சுத்தறப்ப ஆயில்ல அடிச்சு நுரை கட்டும், நுரை கட்டின ஆயில் ஒழுங்கா மசகு போடாது, சீல் வழியா கசிய ஆரம்பிக்கும். திருப்பி எடுத்துட்டுப் போனேன், மறுபேச்சு பேசாம மன்னிப்பு கேட்டு வடிச்சுக் குடுத்தாங்க, அதுக்கு நன்றி. ஆனா நான் அந்த டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கலன்னா? அடுத்த 10,000 கிலோமீட்டர் அப்படியே ஓடியிருக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் "ஆயில் ஊத்தறப்ப மட்டும் என்னைக் கூப்பிடுங்க, நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்"னு சொல்லிடுவேன். முறைப்பாங்கன்னு நினைச்சேன், யாரும் முறைக்கல. ஒரு அட்வைசர் தம்பி ஹெல்மெட் குடுத்து உள்ள கூட்டிட்டே போனான்.

வாரண்டி முடிஞ்சதும் எல்லாரும் மாதிரி நானும் மெயின் ரோட்டு எக்ஸ்பிரஸ் கடைக்குப் போனேன். ஆயில் வாங்கினா லேபர் ஃப்ரீ. நியாயமா சொல்லணும்னா அந்த மாதிரி கடைல ஒரு பெரிய சௌகரியம் இருக்கு: எல்லாம் உங்க கண்ணு முன்னாடி. கீழ பள்ளம் வெட்டி வச்சிருப்பாங்க, வண்டியை மேல நிறுத்தினா பையன் கீழ இறங்கி வேலை பார்ப்பான். சீல் உடைக்காத டப்பாவை நீங்களே அலமாரிலேர்ந்து எடுத்துக் குடுக்கலாம், மீதி ஆயிலை கையோட வாங்கிக்கலாம். இருபது நிமிஷத்துல கிளம்பிடலாம், ஆபீசுக்கு லீவு போட வேண்டாம். குறைனு சொன்னா அந்த இருபது நிமிஷம்தான்.

அந்தப் பையன் போல்ட்டை ஏர் கன்னால 'டர்ர்'னு முடுக்கினதை நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அப்ப எனக்கு அது தப்புன்னு தெரியல, டைட்டா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். ஒரு வருஷம் கழிச்சு பாய் கடைல அதைக் கழட்டறப்பதான் தெரிஞ்சுது. ஸ்பேனர் போட்டு அவர் முழு பலத்தையும் குடுக்கறார், கிறீச்சுன்னு ஒரு சத்தம், போல்ட் வெளில வருது, போல்ட்டை சுத்தி ஸ்பிரிங் மாதிரி பளபளன்னு ஒரு கம்பி. அது கம்பி இல்ல, ஆயில் சம்ப்போட, அதாவது என்ஜின் அடில ஆயில் தேங்கற தொட்டியோட, உள் மரை. சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு, இரும்பை அலுமினியத்துல அடிச்சு ஏத்தினா எது தோக்கும்? சம்ப்பை கழட்டி லேத்துல குடுத்து புது மரை போட்டு மாட்டறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு, லேபர் ஃப்ரீல மிச்சம் பண்ணின காசைப் போல நாலு மடங்கு போச்சு. அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல, பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிச்சிக்கிட்டு நிக்கறப்ப அவனுக்கு யார் நிதானமா சொல்லிக் குடுத்திருப்பாங்க? ஆனா நான் வாயைத் திறந்து கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். "தம்பி, முதல்ல கையால போட்டுக்கோப்பா, கடைசி கொஞ்சம் மட்டும் ஸ்பேனரால பிடி, வாஷர் புதுசு போடு"ன்னு சொல்றதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

இன்னொண்ணு, ஃபில்டர். பழைய ஃபில்டரை கழட்டறப்ப அதோட ரப்பர் வளையம் சில சமயம் என்ஜின்லயே ஒட்டிக்கும். அவசரத்துல அதைப் பார்க்காம புது ஃபில்டரை மேலயே மாட்டிட்டா ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், அப்ப லீக் தெரியாது, ரோட்டுல ஆயில் பிரஷர் ஏறினதும் பிதுக்கிக்கிட்டு மொத்த ஆயிலும் வெளில வந்துடும். அதனால பழைய ஃபில்டரை கைல வாங்கி ரப்பர் அதுல இருக்கான்னு பாருங்க. வேலை முடிஞ்சதும் என்ஜினை ஒரு நிமிஷம் ஓட விட்டு அடில குனிஞ்சு பாருங்க, அஞ்சு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்க, அதுக்கப்புறம் காசு குடுங்க. டேஷ்போர்டுல சிவப்பா எண்ணெய்க் குடுவை படம் எரிஞ்சா பக்கத்துல மெக்கானிக் இருக்காரான்னு தேடிக்கிட்டு ஓட்டாதீங்க, அந்த இடத்துலயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. அந்த விளக்கு ஆயில் கொஞ்சம் கம்மின்னு சொல்ற விளக்கு இல்ல, பிரஷரே போச்சுன்னு சொல்றது.

அப்ப வீட்லயே பண்ணிடலாமான்னா, பைக்னா கண்டிப்பா பண்ணுங்க. காருக்கு எனக்கு மனசு வரல. எங்க பார்க்கிங்ல பள்ளம் கிடையாது, காரைத் தூக்கணும். டிக்கில இருக்கற ஜாக்கி டயர் மாத்தறதுக்கு மட்டும்தான், அதை நம்பி அடில படுக்கவே படுக்காதீங்க, ஜாக்கி வழுக்கி உயிர் போன கதை எல்லாம் நிஜம். கீழ ஸ்டாண்ட் குடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, சமதரையில பண்ணத் தெரிஞ்சவங்க பண்ணலாம். சொந்த வீடு, தரை போட்ட வாசல் இருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தன் வருஷா வருஷம் அவன் அப்பாவோட சேர்ந்து பண்றான், பார்க்கவே ஆசையா இருக்கும்.

வீட்ல பண்றதுல நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேன், யாராவது ஒருத்தராவது தப்பிக்கட்டும். காருக்கு வாங்கின டப்பால மீந்ததை சேர்த்து வச்சிருந்தேன், நல்ல விலை உசந்த 0டபிள்யூ-20 கிரேடு சிந்தெடிக் ஆயில், வீணாப் போகுதேன்னு அடுத்த தடவை பைக்குக்கு அதை ஊத்திட்டேன். நாலஞ்சு நாள் ஒண்ணும் தெரியல. கத்திப்பாரா மேம்பாலம் ஏறறப்ப ஆக்சிலேட்டர் முறுக்கறேன், என்ஜின் கத்துது, வண்டி ஏறமாட்டேங்குது, பின்னாடி பஸ். உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. பாய்தான் விளக்கினார். கார்ல கிளட்ச் தனியா காய்ஞ்ச இடத்துல இருக்கு, நம்ம பைக்ல கிளட்ச் பிளேட்டு அதே ஆயில்ல ஊறிக்கிட்டுதான் வேலை செய்யுது, கார் ஆயில்ல மைலேஜுக்காக வழவழப்பு மருந்து சேர்த்திருப்பாங்க, அது பட்டா கிளட்ச் பிளேட்டு வழுக்கும். பைக் ஆயில் டப்பால ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA) இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, பைக் கிளட்சுக்கு ஒத்துவரும்ங்கற தரக் குறி அதுன்னார். உடனே வடிச்சு பைக் ஆயில் ஊத்தி, நல்லவேளை பிளேட்டு தப்பிச்சுது.

ஆயில் கிரேடு பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா மூணு இடத்துலயும் இதுல ஏமாறலாம். "நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டியா போடுங்க சார், என்ஜின் ஸ்மூத்தா இருக்கும்"னு சொல்றவங்க இருக்காங்க. டபிள்யூன்னா விண்டர், முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல எவ்ளோ இளக்கமா இருக்கும்ங்கறது, பின்னாடி இருக்கறது என்ஜின் சூடானப்புறம். சென்னைல குளிர் இல்லதான், ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணின அந்த முதல் சில நொடில ஆயில் மேல வரைக்கும் வேகமா ஏறணும், இப்ப வர்ற என்ஜின் இடைவெளி எல்லாம் மெல்லிய ஆயிலுக்குத்தான் செஞ்சிருக்காங்க. மேனுவல்ல என்ன நம்பரோ அதே நம்பர். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைங்கறதும் அப்படித்தான். என் காருக்கு 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. ரெண்டு கிலோமீட்டர் போய் ரெண்டு கிலோமீட்டர் வர்ற வண்டி, சிக்னல்லயே நிக்கற வண்டின்னா கொஞ்சம் முன்னாடியே மாத்திடறது நல்லது, என்ஜின் முழுசா சூடாகாம ஓடறதுதான் ஆயிலுக்கு ரொம்பக் கெடுதல்.

டூப்ளிகேட் ஆயில் இருக்கு, அதை மறைக்கறதுல அர்த்தமில்ல. எப்படி வருதுன்னா நாம தூக்கிப் போடற காலி டப்பாலதான். அதே லேபிள், அதே மூடி, உள்ள வடிகட்டின பழைய ஆயில். அதனால பில்லு குடுக்கற டீலர் கிட்டயோ பெட்ரோல் பங்க்லயோ வாங்குங்க, மூடிக்கு உள்ள இருக்கற சீல் பாருங்க, ஊத்தி முடிச்சதும் காலி டப்பால கத்தியால ஒரு குத்து குத்திட்டு குடுங்க. கடைப் பையன் "ஏன் சார் குத்தறீங்க"ன்னு கேட்டா பதில் சொல்லுங்க, அவனும் தெரிஞ்சிக்கட்டும்.

வடிச்ச ஆயிலை என்ன பண்றது? இதுலதான் எனக்கு ரொம்ப மனசு அடிச்சிக்கும். வீட்ல மாத்தறவங்க பாதிப் பேர் சாக்கடைலயோ காலி மனைலயோ ஊத்திடறாங்க. அதே 2023 டிசம்பர் வெள்ளத்துல மணலி பக்கம் சுத்திகரிப்பு ஆலைலேர்ந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் பூரா பரவிச்சு, மீனவங்க படகுல போய் மக்காலயும் பக்கெட்டாலயும் கறுப்பு கறுப்பா மொண்டு எடுத்ததை டிவில பார்த்தோமே, வலையும் போச்சு, படகும் போச்சு, தொழிலும் போச்சு. நம்ம ஒரு லிட்டர் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லன்னு தோணும். இந்த ஊர்ல எத்தனை லட்சம் பைக் ஓடுதுன்னு யோசிச்சா தோணாது. சட்டப்படி வேஸ்ட் ஆயில் அபாயகரமான கழிவு, 2016 விதிலயே இருக்கு, 2024 ஏப்ரல்லேர்ந்து ஆயில் தயாரிக்கறவங்களுக்கே திருப்பி சேகரிக்கற பொறுப்பும் வந்திருக்கு. நமக்கு சுலபமான வழி, எடுத்துட்டுப் போய் மெக்கானிக் கடை பேரல்ல ஊத்திடறது. பேரல் நிறைஞ்சா காசு குடுத்து வாங்கிட்டுப் போக ஆள் வருது. சென்ட்ரிங் ஷீட்டுக்குத் தடவ, கரையானுக்கு மரத்துல அடிக்கன்னு சில பேர் கேப்பாங்க, நான் குடுக்கறதில்ல, கடைசில அதுவும் மண்ணுக்குத்தான் போகும். ரீஃபைனிங்குக்கு அனுப்பற ஆளுக்குத்தான் பாய் தர்றார்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்.

ரெண்டாவது மாடி சார் நேத்து ஞாயித்துக்கிழமை என்னோட பாய் கடைக்கு வந்தார். சொன்ன மாதிரியே மேனுவலை எடுத்துட்டு வந்தார், பில்லோட சீல் டப்பா, ஃபில்டர், ஒரு காகிதத்துல மடிச்ச புது வாஷர். நான் என் பைக்லேர்ந்து வடிச்ச ஆயிலை பேரல்ல ஊத்திக்கிட்டு இருந்தேன். கார் ராம்ப்ல ஏறிச்சு, பாய் போல்ட்டை கழட்டினார், சார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு குனிஞ்சு அந்த ஆயில் நூலாகற வரைக்கும் பார்த்தார், விரல்ல ரெண்டு சொட்டு எடுத்து வெளிச்சத்துல காட்டிக் கேட்டார், "இது சரியா இருக்கா பாய்?" பாய் பார்த்துட்டு சரியாத்தான் இருக்குன்னு தலையாட்டினார். வடிஞ்சு முடிஞ்சதும் போல்ட்டைத் துடைச்சு புது வாஷரை மாட்டி அவர் கைலயே குடுத்தார். "முதல் மூணு சுத்து நீங்க போடுங்க சார், மரை நேரா ஏறுதான்னு உங்க விரலுக்கே தெரியும்."